கனகோபி: எப்போதும் பிறர் கையில் இருந்த ஒரு மடம்

"மடத் தலைவர் பெர்த்ரானே, என்னை உருவாக்கும்படி ஆணையிட்டது நீர், வேலையை முடுக்கி, முன்னின்று நடத்தியவன் பியர் துருத்பெர்." இப்படிப் பேசுவது ஒரு தரை. பிரான்சின் தெற்கே, புரோவான்ஸ் பகுதியில், கனகோபி என்ற மேட்டுநிலத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் பீடத்தைச் சுற்றிய தரையில் சிறு கற்களைப் பதித்து 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுதிய லத்தீன் வரிகள் இவை. ஏறத்தாழ 1124-ஐ ஒட்டிய காலம் என்று கணிக்கிறார்கள். சுமார் 72 சதுர மீட்டர் பரப்பு. பிரான்சில் மிஞ்சியிருக்கும் இடைக்கால மொசைக் தரைகளில் இவ்வளவு பெரியதைக் காண்பது அரிது.

இப்படி ஒரு தரையைப் பெரிய நகரத்துப் பேராலயம் போட்டிருந்தால் வியப்பில்லை. கனகோபியோ ஒரு கிராமத்துக் கிளை மடம். அதற்குச் சொந்த மடாதிபதி கிடையாது. தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. அதைத் தோற்றுவித்தவர் ஒருவர், ஆண்டது இன்னொருவர், வருமானத்தைத் தின்றது மூன்றாமவர், கடைசியில் விற்றது அரசு. இந்த மடத்துக்கு வந்த நல்லதும் கெட்டதும் எங்கோ தொலைவில் இருந்தவர்கள் எடுத்த முடிவுகளால் வந்தவை. பிரான்சில் இடைக்காலத்தில் இருந்த கிராமத்துக் கிளை மடங்கள் பெரும்பாலானவற்றின் கதையும் இதுதான். கனகோபியில் அந்தக் கதையைக் கல்லிலேயே தொடர்ந்து படிக்க முடிகிறது என்பதால் இதை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இடம். துரான்ஸ் ஆறு ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கித் தெற்கே ஓடுகிறது. அதன் மேற்குக் கரையில் செங்குத்தான பாறை விளிம்போடு எழும் மேட்டுநிலம்தான் கனகோபி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர். பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் முந்நூறு மீட்டருக்கு மேல் உயரம். மேலே ஓக் மரக்காடு. தேவாலயத்திலிருந்து கிழக்கே ஒரு நேர்பாதை விளிம்பு வரை போகிறது. துறவிகள் பாதை என்றே அதற்குப் பெயர். அங்கே நின்றால் கீழே ஆறும், எதிர்க்கரையில் ல மே ஊரின் வரிசைப் பாறைகளும் தெரியும். முக்காடிட்ட துறவிகள் வரிசையாக நடப்பதுபோல் அந்தப் பாறைகள் தோற்றமளிக்கும். சிறைபிடித்து வந்த சராசன் பெண்கள் (முஸ்லிம்களை அன்று ஐரோப்பியர் அப்படித்தான் அழைத்தார்கள்) மீது ஆசைப்பட்ட துறவிகளைப் புனித தொனா கல்லாக்கிவிட்டார் என்பது அந்த வட்டாரக் கதை. இந்த மடம் தோன்றிய காலத்தின் அச்சங்கள் அந்தக் கதைக்குள் ஒளிந்திருக்கின்றன.

மேட்டின் அடிவாரத்திலேயே ரோமானியர்களின் பெருவழி சென்றது. இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸைக் கடந்து ரோன் ஆற்றை நோக்கிப் போன தொமீத்தியா சாலை அது. அதற்காகக் கட்டிய ஒற்றை வளைவுக் கல்பாலம் ஒன்று கனகோபிக்குக் கீழே இன்றும் நிற்கிறது. ஆக, மடம் இருந்தது காட்டின் நடுவில் என்றாலும் வழிப்போக்கர்களின் கண்ணுக்கு அது மறைந்த இடமில்லை. மேலே பாதுகாப்பு, கீழே போக்குவரத்து. மடம் அமைக்க இடம் தேடுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இடம் தேடியவர் சிஸ்டெரோன் நகரத்து ஆயர் மூன்றாம் ஜான். 10-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் இங்கே மடத்தை நிறுவினார். 960-களில் அதை பர்கண்டியின் குளூனி மடத்துக்குக் கொடுத்துவிட்டார். சாலை வழியில் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் ஒரு மடத்திடம் தன் மறைமாவட்டச் சொத்தை ஓர் ஆயர் ஏன் ஒப்படைக்க வேண்டும்?

அப்போது குளூனிக்கு இருந்த பெயர்தான் காரணம். 910-இல் அக்விட்டைன் கோமகன் வில்லியம் அந்த மடத்தைத் தொடங்கியபோது, அதைப் புனித பேதுருவுக்கும் பவுலுக்கும் உரியதாக எழுதிவைத்தார். பிரபுக்களோ வாரிசுகளோ ஆயரோ தலையிட முடியாது. ரோமின் பாதுகாப்பில் துறவிகளே தங்கள் மடாதிபதியைத் தேர்ந்தெடுப்பார்கள். மடங்களை உள்ளூர்ப் பெருநிலக்கிழார்கள் குடும்பச் சொத்தாக வைத்துக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய விடுதலை. ஒழுங்கான வழிபாட்டுக்குப் பெயர்பெற்ற அந்த மடத்திடம் தங்கள் மடத்தைக் கொடுத்தால் அது கெடாமல் இருக்கும் என்று பலரும் நம்பினார்கள்.

புரோவான்ஸுக்கு இன்னொரு நெருக்கமும் இருந்தது. அன்று குளூனியின் மடாதிபதியாக இருந்த மயோல் அந்த மண்ணின் மைந்தர். கனகோபிக்கு அக்கரையில், துரான்ஸுக்குக் கிழக்கே உள்ள வலன்சோலில் அவருடைய குடும்பத்துக்கு நிலங்கள் இருந்தன. 972-இல் ரோமிலிருந்து திரும்பும் வழியில், ஆல்ப்ஸ் கணவாய் ஒன்றில், மத்தியதரைக் கடற்கரைக் கோட்டை ஒன்றைத் தளமாகக் கொண்டிருந்த சராசன் படைக்குழுவிடம் அவர் சிக்கினார். ஆயிரம் பவுண்டு வெள்ளி கொடுத்து மீட்க வேண்டியிருந்தது. இந்த அவமானம் புரோவான்ஸ் பிரபுக்களை ஒன்றுசேர்த்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் புரோவான்ஸின் கோமான் வில்லியம் (குளூனியைத் தொடங்கியவர் வேறொரு வில்லியம்) அந்தக் கோட்டையை வீழ்த்தினார். அதே வில்லியம் சாகும் தறுவாயில் மயோலின் கையால் துறவி உடை வாங்கி அணிந்தார். பிரபுக்களுக்கும் குளூனிக்கும் இடையிலான கட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு இது ஒன்று போதும். அச்சம் நீங்கி, பள்ளத்தாக்கில் உழவு திரும்பியபோது, நிலக்கொடைகளும் மடங்களைத் தேடி வந்தன.

கொடை கொடுத்தவர்கள் பதிலுக்கு எதிர்பார்த்தது பிரார்த்தனை. இறந்த தந்தைக்காக, தன் பாவங்களுக்காக, இனிப் பிறக்கப்போகும் வாரிசுகளுக்காக. மடம் அந்தப் பெயர்களை ஏட்டில் எழுதி, ஆண்டுதோறும் அதே நாளில் வாசித்து வேண்டிக்கொள்ளும். இறந்தோர் நினைவைப் போற்றுவதில் குளூனிக்கு ஈடு யாருமில்லை. மயோலுக்குப் பின் வந்த ஒதிலோ, இறந்த விசுவாசிகள் எல்லோருக்குமாக நவம்பர் 2-ஆம் தேதியைக் குளூனி மடங்களில் ஏற்படுத்தினார். அது பிறகு கத்தோலிக்க உலகம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் அங்கிருந்து வந்ததுதான். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு காரணத்துக்காகத் திரும்ப வரும்.

இப்படி வந்த நிலம், தோப்பு, ஆலை, சிற்றாலயம், அந்தச் சிற்றாலயங்களுக்குச் சேரவேண்டிய தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) எல்லாம் கனகோபியின் பெயரில் சேர்ந்தன. ஆனால் கனகோபியின் மேல் ஆட்சி குளூனியிடம். அங்கே துறவியாக வாக்குக் கொடுப்பவர் குளூனியின் மடாதிபதிக்குக் கீழ்ப்படிவதாகத்தான் கொடுத்தார். உள்ளூர்த் தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் அந்த மடாதிபதியே. வருமானத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் தலைமை மடத்துக்குப் போகும். யார் கையிலும் சிக்காமல் சுதந்திரமாக இருப்பதற்காகவே தொடங்கிய மடம், தன்னிடம் வந்த நூற்றுக்கணக்கான மடங்களுக்கு அந்தச் சுதந்திரத்தைத் தரவில்லை. குளூனியின் வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். அதேசமயம், ஆளற்ற மேட்டில் இருந்த ஒரு சிறு மடத்துக்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய கலைமரபோடு தொடர்பு கிடைத்ததும் இந்தப் பிடியால்தான் என்று நினைக்கிறேன்.

அந்தத் தொடர்பு தரையில் தெரிகிறது. வெள்ளை, கறுப்பு, செங்கல் சிவப்பு என்று மூன்றே நிறங்கள். சிவப்புக் கற்கள் மணற்கல். மூன்று நிறங்களை வைத்துக்கொண்டு பியர் துருத்பெர் செய்திருப்பதைப் பார்க்க வேண்டும். தரைவிரிப்புபோல் ஓரமெங்கும் பின்னல் கோலங்கள், முடிச்சுகள், கொடிகள். உள்ளே கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட விலங்கு, பாதி மனிதன் பாதி குதிரை, இறகு முளைத்த மிருகங்கள். ஒரு பக்கம் குதிரை வீரன் ஈட்டியோடு டிராகனை எதிர்கொள்கிறான். ஒவ்வோர் உருவமும் தட்டையாக, நிழலே இல்லாமல், துணியில் நெய்ததுபோல் இருக்கிறது. பைசாந்தியத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் தேவாலயங்களுக்கு வந்து சேர்ந்த பட்டுத் துணிகளின் வடிவங்களை இந்தத் தரையில் ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். மார்செய் துறைமுகம் வெகு தொலைவில் இல்லை. முதல் சிலுவைப் போர் முடிந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. கிழக்கத்திய பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த காலம்.

அந்த விலங்குகளுக்கு நடுவே ஓர் யானை. முதுகில் கோபுரம். புரோவான்ஸில் அன்று யானையை நேரில் பார்த்தவர் யாராவது இருந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். 802-இல் பாக்தாத் கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பிய யானை பேரரசர் ஷார்லமேன் அரசவைக்கு வந்தது. அது நடந்து முந்நூறு ஆண்டு ஆகியிருந்தது. ஆனால் துறவிகளுக்கு யானையை விவிலியத்தில் தெரியும். மக்கபேயர் முதல் நூலின் 6-ஆம் அதிகாரத்தில் போர் யானைகளின் முதுகில் மரக்கோபுரம் கட்டியிருப்பதும், ஒவ்வொன்றையும் ஓர் இந்தியப் பாகன் நடத்துவதும் வருகிறது. படித்ததை வைத்தும், துணியில் கண்டதை வைத்தும் கல்லில் ஒரு யானையைக் கட்டியிருக்கிறார்கள். நம் கண்ணுக்கு அதன் உடல் யானையின் உடலாகப் படாது. அதனாலேயே அது அருமையாக இருக்கிறது.

இந்தத் தரை உருவான அதே காலத்தில், 1125-ஐ ஒட்டி, எளிமையை வலியுறுத்திய சிஸ்டெர்சியன் சபையின் துறவி கிளேர்வோ பெர்னார்து குளூனி மரபின் ஆடம்பரத்தைக் கண்டித்து நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். துறவிகள் படிக்கும் இடத்தில் இந்தக் கோர விலங்குகளுக்கு என்ன வேலை, பாதி மனித உருவங்களுக்கு என்ன வேலை, ஏழைகள் பசித்திருக்கச் சுவருக்குப் பொன் பூசுகிறீர்களே என்று கேட்டார். தரையையும் அவர் விடவில்லை. புனிதர்களின் உருவத்தைத் தரையில் பதித்து வைத்து, அதன் மேல் நடக்கிறீர்கள், வானதூதரின் முகத்தில் துப்புகிறீர்கள் என்று சாடினார். கனகோபியை மனதில் வைத்து அவர் எழுதவில்லை. இருந்தாலும் அவர் கண்டித்த ஒவ்வொன்றையும் இந்தத் தரையில் காட்ட முடியும்.

பெர்னார்தின் கோபத்தில் நியாயம் உண்டு. அந்த மொசைக்குக்கான செலவு உழவர்களின் தசமபாகத்திலிருந்தும் நிலக்கொடையிலிருந்தும் வந்ததே. ஆனால் பெர்த்ரானின் பக்கத்திலிருந்து பார்த்தால், நாள் முழுவதும் பல வேளைகளில் பாடலும் ஜெபமுமாக வழிபாடு நடக்கும் இடம் அது. அந்த வாழ்க்கையில் பீடத்தைச் சுற்றிய தரைதான் உலகத்தின் நடு. தீமையோடு போரிடும் வீரனையும், அடக்கப்பட்ட விலங்குகளையும் அங்கே பதித்ததற்குப் பொருள் இருந்தது. அந்தக் கல்வெட்டில் புரவலர் பெயரோடு கைவினைஞனின் பெயரையும் சேர்த்திருப்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தக் காலத்துக் கட்டடங்களில் எத்தனையோ பேரின் கைவேலை பெயரில்லாமல் போயிருக்கிறது.

தேவாலயம் வெளியே மிக எளிது. ஒரே கூடம், கூர்வளைவுக் கூரை, தடித்த சுவர், சிறு சன்னல்கள். மேற்கு வாசலின் மேல் மட்டும் செதுக்கல்: நடுவில் அரியணையில் கிறிஸ்து, சுற்றிலும் நற்செய்தியாளர்களின் நான்கு அடையாளங்கள், கீழே வரிசையாகப் பன்னிரண்டு திருத்தூதர்கள். வாசலைச் சுற்றிய வளைவுகளின் ஓரம் பற்பல அரைவட்டங்களாக வெட்டி, துணியோரத் தொங்கலைப் போல் இருக்கிறது. அந்த ஓரம் பிற்காலச் சேதத்துக்குப் பிறகு வேறிடத்துக் கற்களைக் கொண்டுவந்து ஒட்டியது என்று சிலரும், தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் என்று சிலரும் வாதிடுகிறார்கள்.

பெர்த்ரானின் காலம்தான் உச்சம். 13-ஆம் நூற்றாண்டில் குளூனி தன் கிளை மடங்களை ஒழுங்குபடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டமும், மாகாணவாரியாகப் பார்வையாளர்களை அனுப்பும் முறையும் கொண்டுவந்தது. புரோவான்ஸ் அதில் ஒரு மாகாணம். பார்வையாளர்கள் வந்தால் கேட்பவை: எத்தனை துறவிகள் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு கடன், கூரை ஒழுகுகிறதா, தர்மம் கொடுக்கப்படுகிறதா, வழிபாடு நேரப்படி நடக்கிறதா. இது ஒரு கிளைக் கணக்குத் தணிக்கைதான். ஆனால் எழுதிவைத்த குறையைத் தீர்க்கும் பணம் உள்ளூரில்தான் கிடைக்க வேண்டும்.

1347-இன் இறுதியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய கொள்ளைநோய் சில மாதங்களில் புரோவான்ஸ் முழுவதும் பரவியது. உழவர்கள் செத்தால் தசமபாகமும் சாகும். வேலையிழந்த கூலிப்படைகளின் கொள்ளை வேறு. வடக்கு விளிம்பில் மதில் சூழ்ந்த ஒரு குடியிருப்பு இருந்தது; இன்று அங்கே ஆளில்லை, சுவர்களின் மிச்சம்தான் இருக்கிறது. மடத்தைச் சுற்றி வாழ்ந்த மக்கள் குறையக் குறைய மடமும் சுருங்கியது.

அடுத்து வந்தது இன்னும் பெரிய நோய் என்பேன். மடத்தில் வாழாத ஒருவரை அதன் தலைவராக நியமித்து, வருமானத்தை அவர் அனுபவிக்க விடும் வழக்கம் அது. அரசவைக்கு வேண்டியவருக்கோ, பெரிய குடும்பத்து இளைய மகனுக்கோ இப்படி மடங்கள் கிடைத்தன. துறவிகளுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்படும், மிச்சம் அவருக்கு. கூரை ஒழுகினால் அவர் தலையில் சொட்டாது. குளூனியே இதற்குத் தப்பவில்லை. பிரான்சின் முதலமைச்சர்களாக இருந்த கார்டினல் ரிஷெலியுவும், பிறகு மசரானும் அதன் மடாதிபதிப் பட்டத்தை வைத்திருந்தார்கள். எவருக்கும் அடங்காமல் இருக்கத் தொடங்கிய மடம் அமைச்சர்களின் வருமானமாக முடிந்தது.

நடுவில் மதப்போர் வந்தது. 1562-இல் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களுக்கும் இடையே பிரான்ஸ் முழுவதும் சண்டை மூண்டபோது, துரான்ஸ் பள்ளத்தாக்கும் களமானது. வடக்கே சிஸ்டெரோன் முற்றுகைக்கு உள்ளானது. கனகோபியும் அந்த ஆண்டில் சிக்கிக் கடுமையாகச் சேதமடைந்தது. பாதுகாப்பான உயரம் என்று ஆயர் தேர்ந்தெடுத்த அதே காரணம், ஆயுதம் ஏந்தியவர்களுக்கும் அதை விரும்பத்தக்க இடமாக்கியது.

17-ஆம் நூற்றாண்டில் தலைவர் பட்டம் பெற்றவர்களில் ழாக் கஃபாரெல் தனித்துத் தெரிகிறார். பக்கத்து மான் ஊர்க்காரர். எபிரேயம் கற்று, யூத மறைஞான நூல்களில் மூழ்கி, பாரிஸ் இறையியலாளர்களின் கண்டனத்துக்கு ஆளானவர். ரிஷெலியுவின் நூலகராகவும் இருந்தார். ரிஷெலியு குளூனியின் மடாதிபதியாகவும் இருந்ததை நினைத்தால், இப்படிப்பட்ட அறிஞரின் கையில் இந்த மேட்டு மடம் வந்து சேர்ந்தது புரிகிறது. உள்ளூர்க்காரர் என்பதால் அவர் முற்றிலும் விலகிய தலைவராக இருக்கவில்லை. 1681-இல் இறந்ததும் அருகிலுள்ள சிகோன்ஸில்தான்.

18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அரசே ஆள் குறைந்த மடங்களைக் கணக்கெடுத்து மூடத் தொடங்கியது. 1766-இல் அதற்கென ஓர் ஆணையம் அமைந்தது. பிரெஞ்சுப் புரட்சி வந்துதான் மடங்கள் அழிந்தன என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 1780-களின் இறுதியில், புரட்சிக்கு முன்பே, கனகோபியின் துறவு வாழ்க்கை மூடும் நிலைக்கு வந்துவிட்டது. கடைசியில் இருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

பிறகு 1789. திருச்சபைச் சொத்துகள் அனைத்தும் நாட்டின் பொறுப்பில் என்று தேசிய சபை ஆணை பிறப்பித்த நாள் நவம்பர் 2. இறந்தோருக்காகக் குளூனி ஏற்படுத்திய அதே நாள். இறந்தவர்களின் பெயரைச் சொல்லி எட்டு நூற்றாண்டுகளாகச் சேர்ந்த நிலம் அந்த நாளில் கைமாறியது. 1790 பிப்ரவரியில் துறவு வாக்குகளையே சட்டம் நீக்கியது. கனகோபி தேசியச் சொத்தாக விற்கப்பட்டது. 1794-இல் ஃபோர்கால்கியே மாவட்ட நிர்வாகம் கட்டடத்தை இடிக்க உத்தரவிட்டது. தேவாலயத்தின் கிழக்குப் பகுதி, பீடமும் அதன் இருபக்கச் சிறகுகளும் இருந்த இடம், இடிந்து விழுந்தது. கூடம் மட்டும் நின்றது.

மொசைக் இருந்தது அந்தக் கிழக்குப் பகுதியில்தான். மேலிருந்து விழுந்த கல்லும் மண்ணும் அதை மூடின. மூடியதால் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் அது மழையிலிருந்தும், கால்நடைகளிடமிருந்தும், பழம்பொருள் வியாபாரிகளிடமிருந்தும் தப்பியது. சுவரில் இருந்திருந்தால் பெயர்த்து விற்றிருப்பார்கள். இடித்தவர்களுக்கு அதைக் காக்கும் எண்ணம் துளியும் இல்லை. இருந்தும் அவர்கள் போட்ட குப்பைதான் காத்தது.

1891-இல் அந்தச் சொத்தை அதன் உரிமையாளரான பிரபு ஒருவர் மார்செயின் பெனடிக்ட் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தார். அவர்கள் இடிபாட்டை அகற்றத் தொடங்கியபோது, 1898-இல் தரையின் விலங்குகள் வெளிச்சத்துக்கு வந்தன. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1901-இன் சங்கச் சட்டம் துறவு சபைகளை நெருக்கியது. மார்செய் துறவிகள் இத்தாலிக்குப் போனார்கள். 1922-இல் திரும்பியபோதும் அவர்கள் குடியேறியது சவோய் பகுதியின் ஏரிக்கரையில் உள்ள ஓட்கோம்ப் மடத்தில்தான். கனகோபியின் இடிந்த கிழக்குப் பகுதி 20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் திரும்பக் கட்டப்பட்டது. மொசைக்கைத் துண்டு துண்டாகப் பெயர்த்து, பெரிகே நகரத்துப் பட்டறைக்கு எடுத்துச்சென்று சீர்செய்தார்கள். 1975-இல் தொடங்கிய அந்த வேலை 1986-இல் முடிந்து, தரை தன் இடத்துக்குத் திரும்பியது.

1992-இல் ஓட்கோம்பில் சுற்றுலாக் கூட்டம் தாங்காமல் அந்தத் துறவிகள் கனகோபிக்கே குடிபெயர்ந்தார்கள். அவர்கள் ஒரு கிளையாக வரவில்லை. தங்கள் மடாதிபதியோடு முழுச் சபையாக வந்தார்கள். அதனால் ஆயிரம் ஆண்டுகளாகக் கிளை மடமாக இருந்த இடம் முதன்முறையாகத் தலைமை மடம் ஆனது. தங்கள் தலைவரை இன்று அந்த மேட்டில் வாழும் துறவிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.